நீலியும் நீலகேசியும்: ஒரு பேய்க்கதையின் மறுஆக்கம்

தொண்டை நாட்டில் வழங்கும் பேய்க்கதைகளுள் பழையனூர் நீலி கதை குறிப்பிடத்தக்கது. கணவனால் கொலையுண்டவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரவையில் தன்னை அவன் மனைவியெனச் சாதிக்கிறாள். அவனுயிர்க்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மரும் அவன் இறந்தபின் தீப்பாய்ந்தனர் என்பது கதை.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி இப்பேயைச் சமண நோக்கில் மறுஆக்கம் செய்கிறது. சுடுகாட்டில் தவமிருக்கும் முனிச்சந்திரரை அச்சுறுத்த வரும் நீலி, அவர் அஞ்சாமை கண்டு அறங்கேட்டுக் கொல்லாமையை ஏற்கிறாள். பின்னர்க் குண்டலகேசி முதலியோரை வாதில் வெல்கிறாள். பத்துச் சருக்கங்களுள் இறுதியானது பூதவாதம். உடலின் வேறாக உயிரில்லை என்பாரை அங்கு மறுப்பவள், ஒருகாலத்தில் பேயாயிருந்தவளே என்பது எண்ணத்தக்கது.

இரு வடிவங்களிலும் நீலியின் படைக்கலம் சொல்லே. கதையில் அது பழிதீர்க்கிறது, காப்பியத்தில் மெய்ந்நாடுகிறது. எனினும் முன்னதில் வேளாளரின் வாய்மையும், பின்னதில் சமண அறமுமே மையம் பெறுகின்றன. கொலையுண்ட பெண்ணின் முறையீடு இரண்டிலும் பின்தள்ளப்படுகிறது. நீலி கதையின் பிற்கால மறுவாசிப்புகளை மதிப்பிடுவதற்கு அம்முறையீட்டையே அளவுகோலாகக் கொள்ளலாம்.