பிரான்சுக்குப் போகாத தளபதி

இரண்டாம் உலகப் போரின்போது வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு மிக நெருக்கமாக இருந்த ராணுவ அதிகாரி யார் என்று கேட்டால், மான்ட்கோமரி என்றோ ஆலன்புரூக் என்றோதான் பலரும் சொல்வார்கள். ஆனால் 1940 மே மாதத்திலிருந்து 1945 ஜூலையில் சர்ச்சில் தேர்தலில் தோற்கும் வரை, அநேகமாக நாள் தவறாமல் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் ஹேஸ்டிங்ஸ் இஸ்மே. பெரும் படை எதையும் களத்தில் நடத்தியவரல்ல. முதல் உலகப் போரின் மேற்கு முனையை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவர் பிரதமரின் நிழலாக ஆனதை அதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவருடைய பெருங்குறையாகத் தெரிந்ததுதான் அந்த வேலைக்கு அவரைத் தயார் செய்தது என்பது என் கட்சி.

இஸ்மே 1887இல் நைனிடாலில் பிறந்தவர். அப்பா இந்தியாவில் பெரிய அதிகாரி. பின்னாளில் மைசூர் சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். மகனும் சிவில் சர்வீசில் சேர வேண்டும் என்பது வீட்டின் எதிர்பார்ப்பு. பள்ளியின் கடைசித் தேர்வில் மதிப்பெண் போதவில்லை. பையன் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்குப் போனார். இந்தியக் குதிரைப்படையில் சேர்ந்து, வடமேற்கு எல்லையில் சில வருடம் பணிபுரிந்தார். 1914இல் பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் ஒட்டகப்படைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த அதே ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. பிரான்சுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், விடவில்லை. அந்தப் பாலைநிலத்தில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய முகமது அப்துல்லா ஹசனின் தர்வேஷ் படையோடு மோதியபடியே 6 வருடம் ஓடியது. அதே 1887இல் பிறந்த மான்ட்கோமரி, 1914 அக்டோபரிலேயே பிரான்ஸ் எல்லையில் குண்டடிபட்டுப் பதக்கம் வாங்கிவிட்டார். 1919இல் ராணுவத்தில் இருந்தவர்களைப் பிரிக்கும் கோடு ஒன்றுதான்: அங்கே இருந்தவர்கள், இல்லாதவர்கள். இஸ்மே இல்லாதவர்.

ஆனால் சோமாலிலாந்து வேறொரு பாடம் நடத்தியது. சின்னப் படை, கஞ்சத்தனமான நிதி, லண்டனில் தூங்கும் கோப்பு, உள்ளூரில் ஆளுக்கொரு யோசனை. 20 ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த அந்தச் சண்டை, 1920 ஜனவரியில் 12 விமானங்களும் தரைப்படையும் சேர்ந்து இறங்கியதும் சில வாரங்களில் முடிந்தது. அப்போது போர்த்துறை, விமானத்துறை இரண்டுக்கும் லண்டனில் அமைச்சர் சர்ச்சில்! இருவருக்கும் அன்று நெருக்கம் ஏதுமில்லை. ஆனால் வெவ்வேறு படைகள் ஒரே திட்டத்தில் இயங்கினால் என்ன நடக்கும் என்பதை, அந்தத் தலைமுறை அதிகாரிகளில் வெகு சிலரே அப்படிக் கண்கூடாகப் பார்த்திருக்க முடியும்.

பிறகு வந்ததெல்லாம் மேஜை வேலை. குவெட்டா ராணுவக் கல்லூரியில் படிப்பு. 1926 முதல் 4 வருடம் லண்டனில் பேரரசுப் பாதுகாப்புக் குழுவின் உதவிச் செயலர். 1931இல் டெல்லியில் வைஸ்ராய் வில்லிங்டனின் ராணுவச் செயலர். 1938இல் அதே பாதுகாப்புக் குழுவின் செயலர். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே கஜானாவுக்காக மல்லுக்கட்டும் இடம் அந்தக் குழு. அங்கே செயலர் எழுதும் நடவடிக்கைக் குறிப்பைப் படித்துவிட்டு, மூவருமே ‘நாம் சொன்னது இதுதான்’ என்று தலையாட்ட வேண்டும். யாருக்கும் துரோகம் செய்யாமல் அப்படி எழுதுவதற்குத் தனிக் கை வேண்டும். அந்தக் கையைப் பழக்கியவர் மாரிஸ் ஹாங்கி; கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்த நாற்காலியில் இருந்தவர்.

1940 மே 10ஆம் தேதி பிரதமரான சர்ச்சில், பாதுகாப்பு அமைச்சர் என்ற பட்டத்தையும் தானே வைத்துக்கொண்டார். அதற்கெனப் பெரிய இலாகா கிடையாது. இஸ்மேயும் ஹாலிஸ், ஜேக்கப் ஆகிய இரு துணையதிகாரிகளும் அடங்கிய சின்ன அலுவலகம்தான். சர்ச்சில் நள்ளிரவு தாண்டியும் குறிப்புகளைச் சொல்லி எழுத வைப்பார். அவசரமானவற்றில் ‘இன்றே செய்க’ என்ற சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். காலையில் முப்படைத் தலைவர்களின் கூட்டத்தில் இஸ்மேயும் ஒரு உறுப்பினர். பிரதமரின் கோபத்தைச் சூடு குறைத்து அங்கே கொண்டுபோவார். அவர்களுடைய எரிச்சலையும் அதேபோல இங்கே கொண்டுவருவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த இடம். அவர் எவ்வளவு அருகில் இருந்தார் என்பதற்கு அவரே பதிவு செய்த ஒரு சம்பவம் உண்டு. 1940 ஆகஸ்ட் 16, லண்டனுக்கு வெளியே அக்ஸ்பிரிட்ஜில் விமானப்படைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்து சண்டையைப் பார்த்துவிட்டு இருவரும் காரில் ஏறினார்கள். என்னோடு பேசாதே என்றார் சர்ச்சில். சில நிமிஷம் கழித்து, இத்தனை பேர் இவ்வளவு சிலருக்குக் கடன்பட்டது போர் வரலாற்றிலேயே இல்லை என்ற அந்த வாக்கியம் வந்தது. 4 நாளில் நாடாளுமன்றத்தில் உலகமே அதைக் கேட்டது.

சரி, சர்ச்சிலுக்குப் பிடித்துப்போனதால் நிலைத்தார், அவ்வளவுதானே என்று கேட்கலாம். தேதிகள் அதற்கு ஒத்துவரவில்லை. இஸ்மேயைச் செயலராக்கியது சேம்பர்லின் ஆட்சி. சர்ச்சில் தோற்ற பிறகு வந்த தொழிற்கட்சிப் பிரதமர் அட்லியும் 1946 கடைசிவரை அவரை வைத்துக்கொண்டார். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத மூன்று பிரதமர்களுக்கும் வேண்டியிருந்த ஆளை, ஒருவரின் செல்லப்பிள்ளை என்று எப்படிச் சொல்வது?

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு, அவர் வெறும் ஆமாம்சாமி என்பது. சர்ச்சிலிடம் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டவர் தரைப்படைத் தலைவர் ஆலன்புரூக். இஸ்மே அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் 1944 தொடக்கத்தில் ஜப்பானை எங்கிருந்து அடிப்பது என்பதில் விவகாரம் முற்றியது. பிரதமருக்குச் சுமத்ரா மேல் கண், தளபதிகளுக்குப் பசிபிக். அவர்கள் மொத்தமாக ராஜினாமா செய்யும் நிலை. நார்மண்டிப் படையெடுப்புக்கு முன்னால் அப்படி நடந்தால் அது பெரும் விபரீதம் என்று மார்ச்சில் சர்ச்சிலுக்கு எழுத்தில் எச்சரித்தவர் இஸ்மே. ராஜினாமா நடக்கவில்லை. ஆமாம்சாமிகள் இப்படிக் கடிதம் எழுதுவதில்லை.

ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டில் ஒரு பகுதி நிற்கிறது. அதை நான் மறுக்கப்போவதில்லை. இடையில் நிற்கிறவர் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறார். அது எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தபோது, தானியத்துக்குக் கப்பல் கேட்டு டெல்லி அனுப்பிய வேண்டுகோள்களில் பெரும்பாலானவற்றைச் சர்ச்சிலின் போர் அமைச்சரவை ஏற்கவில்லை. அந்த முடிவு இஸ்மேயுடையதல்ல. ஆனால் அந்த நிர்வாகத்தின் திறமையைப் பாராட்டுகிற யாரும் இதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாராட்ட முடியாது.

அவருடைய முறைக்கும் எல்லை இருந்தது. அது தெரிந்தது அவர் பிறந்த நாட்டிலேயே. 1947 மார்ச்சில் வைஸ்ராய் மவுண்ட்பேட்டனின் தலைமை அலுவலராக டெல்லி வந்தார். ஆட்சிமாற்றத் திட்டத்தின் வரைவை மே 2ஆம் தேதி லண்டனுக்கு எடுத்துச் சென்றவரும் அவரே. லண்டனில் திருத்தப்பட்டு வந்ததை மே 10 இரவு சிம்லாவில் பார்த்த நேரு கொதித்துப்போனார். அந்தத் திட்டம் அங்கேயே செத்தது. மவுண்ட்பேட்டனின் ஆலோசகர் வி.பி. மேனன் சில மணி நேரத்தில் புதிதாக ஒன்றை எழுதினார். எல்லாரும் ஒரே போரில் வெல்ல நினைக்கும் மேஜையில்தான் இஸ்மேயின் சமாதான வித்தை செல்லுபடியாகும். அதற்கு அவகாசமும் வேண்டும். 1947 டெல்லியில் இரண்டுமே இல்லை.

1952இல் நேட்டோவின் முதல் பொதுச்செயலாளர் பதவியை ஏற்க முதலில் தயங்கி, சர்ச்சில் வற்புறுத்தியபின் ஒப்புக்கொண்டு, 1957 வரை அங்கே இருந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1960இல் வந்தன. அவற்றில் சர்ச்சில்மேல் இருக்கும் பிரியத்தை மட்டும் படித்தால் பாதிக்கதைதான் கிடைக்கும். ஆலன்புரூக்கின் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தை இரண்டிலும் எடுத்துப் படித்துப் பாருங்கள்.