மாடியில் ஒரு மீன்முள்

சுட்டிக் கண்ணா! பழைய வீட்டு மொட்டை மாடியில், பெரிய மீன்முள் போல ஓர் அலுமினியக் கம்பியைப் பார்த்திருப்பாய். "இது எதுக்கு?" என்று கேட்டாயா? சபாஷ்! அப்படித்தான் கேட்க வேண்டும்.

அதுதான் டிவி ஆன்டெனா. 1926-இல் ஜப்பானில் யாகி, உடா என்ற இருவர் உலகத்துக்குச் சொன்ன வடிவம். குச்சிகளை எண்ணிப்பார். எத்தனை இருந்தாலும், ஒயர் சேர்ந்திருப்பது ஒரே ஒரு குச்சியில்தான். பின்னால் இருக்கும் குச்சி அலையைத் திருப்பி விடும். முன்னால் இருப்பவை அந்த ஒற்றைக் குச்சிக்கு அலையைக் கூட்டி வரும்.

என் சின்ன வயதில், எங்கள் ராமநாதபுரம் கடலோரத்தில் பல ஆன்டெனாக்கள் இலங்கையைப் பார்த்தே நிற்கும். 1982-இல் தொடங்கிய இலங்கை டிவியான ரூபவாஹினி கடல் தாண்டி எங்களிடம் வந்துகொண்டிருந்தது. மாமா மாடியில் கம்பத்தைத் திருப்புவார். "தெரியுதாடா?" "இன்னும் கொஞ்சம்... போதும், போதும் மாமா!"

பக்கத்துச் சுவர் சித்தப்பா வீடு. அங்கேயும் டிவி வந்தது. ஆன்டெனா ஒன்றுதான். நான் ஒயரைச் சீவி, இன்னொரு ஒயரை முறுக்கி விட்டேன். இரண்டு டிவியிலும் திரை முழுக்கப் புள்ளி புள்ளி! உருவங்களின் ஓரத்தில் மெல்லிய நிழல் வேறு.

ஏன்? முறுக்கிய இடத்தில் அலை முட்டுகிறது. கொஞ்சம் திரும்பி ஓடிவிடுகிறது. அது முட்டாமல் பிரித்துவிடத்தான் ஸ்ப்ளிட்டர் என்ற குட்டிப் பெட்டி.

சரி, ஒரு மாம்பழத்தை இரண்டு பேர் தின்றால்? ஆளுக்குப் பாதி. நாலு டிவி என்றால் கால் கால்தான். ஸ்ப்ளிட்டரும் ஒரு கடி கடித்துவிடும்!

"பூஸ்டர் வைத்துப் பெருக்கலாமே!" என்கிறாய். கெட்டி! ஆனால் எங்கே வைப்பாய்? டிவி பக்கத்திலா, ஆன்டெனா பக்கத்திலா?

பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள். மைதானத்தின் கடைக்கோடியில் மைக் வைத்தால், மெலிந்த மணிச் சத்தத்தோடு பிள்ளைகளின் கூச்சலும் சேர்ந்து பெரிதாகும். மணிக்குப் பக்கத்திலேயே வைத்தால்? கணீரென்று கேட்கும்.

இங்கும் அதே கதைதான். ஒயரில் இறங்க இறங்க சிக்னல் மெலியும். கூடவே இருக்கும் இரைச்சல் மெலியாது. திரையில் புள்ளி புள்ளியாக வருவது அந்த இரைச்சல்தான். பூஸ்டருக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. அதனால் சிக்னல் மெலிவதற்கு முன்பே, மேலே, ஆன்டெனாவை ஒட்டிப் பெருக்கிவிட வேண்டும். பிறகு கீழே பிரிக்கலாம். புரிகிறதா?

ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டில் பூஸ்டர் வேண்டாம். மைக்கை வாயில் ஒட்டிக் கத்தினால் கொரகொரக்குமே, அப்படிப் படம் குழம்பிவிடும்.

மாடிக் கம்பத்தில் பிளக் கிடையாதே, பூஸ்டருக்குக் கரண்ட்? வீட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி, அதே ஒயரில் கரண்டை மேலே ஏற்றும். படம் அதே ஒயரில் இறங்கும். கரண்ட் ஒரே சீராகப் போவது. சிக்னலோ நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை துடிப்பது. அதனால் இரண்டையும் சுலபமாகப் பிரித்துவிடலாம்.

பட்டம் விடும்போது நூலில் காகிதம் கோத்துத் தந்தி அனுப்புவாயே? காகிதம் மேலே ஏறும். பட்டத்தின் இழுப்பு உன் கைக்கு இறங்கி வரும். நூல் ஒன்றுதான்.