சிப்பிக்கும் தடுப்பூசி போடலாமா?

நோய்த்தடைக்காப்புப் பாடத்தைத் தடுப்பூசியில் தொடங்கி எதிர்ப்பொருளில் முடித்துவிடுவதே நம்மில் பலரின் வழக்கம். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "முத்துச்சிப்பிக்கும் தடுப்பூசி போடலாமா, டீச்சர்?" என்று கேட்டாள். முத்துக்குளித்துறைப் பிள்ளை, கேட்கத்தான் செய்வாள். "முடியாது" என்று சொல்லிவிட்டேன். அது அரைகுறைப் பதில்.

சிப்பிக்கு எதிர்ப்பொருள் கிடையாது. ஆனால் அது இரை தேடி வடிகட்டும் கடல்நீரில், ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றைச் சமாளிப்பது இயல்பு நோய்த்தடைக்காப்பு மட்டுமே. அதன் இரத்தச் செல்கள் கிருமிகளை விழுங்கிச் செரிக்கின்றன. கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களும் உருவாகின்றன.

இந்தப் புரதங்களை எப்போதும் தயாரித்துக்கொண்டே இருந்தால் ஆற்றல் வீண். சொந்தத் திசுவுக்கும் கேடு. எனவே அவற்றின் மரபணுக்கள் தேவைப்படும்போதுதான் இயங்க வேண்டும். 'என்எஃப்-கப்பா பி' என்ற புரதம் சாதாரண நேரத்தில் சைட்டோபிளாசத்தில், 'ஐ-கப்பா பி' என்ற மற்றொரு புரதத்தின் பிடியில் கிடக்கிறது. செல்லின் 'டோல்' ஏற்பிகள் கிருமியை உணர்ந்ததும் அந்தப் பிடி சிதைக்கப்படுகிறது. விடுபட்ட புரதம் உட்கருவுக்குள் சென்று பாதுகாப்பு மரபணுக்களைப் படியெடுக்கச் செய்கிறது. பழ ஈயில் டோலின் பங்கைக் கண்டறிந்த ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு இத்தகைய ஏற்பிகள் 10. பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுதியில் 80க்கும் மேல்! எதிர்ப்பொருள் இல்லாத குறையை அது இப்படி ஈடுகட்டுகிறது போலும்.

நம் ஊரின் முத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பிறகு 1973இல், அருகிலுள்ள வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அந்த முறையில் ஓட்டிலிருந்து செய்த உருண்டை மணி ஒன்றையும், வேறொரு சிப்பியின் மேன்டில் துண்டையும் உள்ளே வைக்கிறார்கள். சிப்பியைப் பொறுத்தவரை இரண்டுமே அந்நியப் பொருள்கள். இரத்தச் செல்கள் காயத்தைச் சூழ்கின்றன. எதிர்ப்பு அளவோடு அடங்கினால் மேன்டில் செல்கள் மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்துப்படலத்தைச் சுரக்கும். மீறினால் மணி வெளியே தள்ளப்படும், அல்லது சிப்பியே இறந்துவிடும். (மணல் துகள்தான் முத்தாகிறது என்ற கதையை வகுப்பில் விட்டுவிடலாம், மணலோடு வாழ்ந்து பழகிய உயிரி அது.)

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். பசிபிக் சிப்பிகளுக்கு வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் போன்ற செயற்கைப் பொருளை ஊசி மூலம் செலுத்தியபோது, உண்மையான வைரஸிடமிருந்து பல மாதங்கள் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. எதிர்ப்பொருள் இல்லாமலே ஒருவித நினைவு! இதைச் சொன்னதும் அவள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள்: "பண்ணையில் ஒவ்வொரு சிப்பியையும் கையில் எடுத்து மணி வைக்கிறார்களே, அப்போதே ஊசியும் போட்டால் என்ன?"