தளர்ந்த கியர்ப் பிடியைச் சீர்செய்தல்

மரக்கறி ஏற்றும் பழைய வான்கள் சிலவற்றில் கியர்ப் பிடி ஸ்டியரிங் தண்டிலே பொருத்தப்பட்டிருக்கும். அது தளர்ந்து ஆடுமாயின், கியர்ப்பெட்டி பழுதென்று கமக்காரர் உடனே அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் தேய்ந்திருப்பவை தண்டின் அடியிலுள்ள இணைப்புக் கோல்களின் புஷ்களே.

எஞ்சினை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வைத்தபின், ஒருவர் பிடியை அசைக்க மற்றொருவர் மூட்டுகளை நோக்குக. முளை அசைந்தும் கோல் உடன் அசையாத மூட்டே பழுதுற்றது. கிளிப்பைக் கழற்றி, அழுக்கைத் துடைத்து, புதிய புஷ்ஷையிட்டுக் கிறீஸ் பூசுக. துளையே நீண்டு தேய்ந்திருப்பின் கராஜில் ஒப்படைத்தல் நன்று.

பிடியும் பெட்டியும் நியூட்ரலில் இருக்கையில் கோல் வலிந்திழுக்காமல் முளையிற் சேர வேண்டும். சேராவிடின் அதன் நீளத்தை மரையாணியால் திருத்துக. எஞ்சினை இயக்குமுன் கிளச்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்க.

கட்டுக்கம்பியாற் சுற்றி வைத்தல் பலர் வழக்கம். பாரத்துடன் இறக்கத்தில் அக்கட்டு அவிழின் கியரைக் குறைக்க வழியிராது.