உப்பின் மேல் மிதக்கும் நல்ல தண்ணி

கோயம்புத்தூர்க்காரருக்குச் சிறுவாணி எப்படியோ, மட்டக்களப்பு எழுவான்கரையில் பலருக்கு அவரவர் வளவுக் கிணறு அப்படி. “எங்கட கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டுக் குடிச்சுப் பாருங்க” என்பார்கள். பெருமையில் நியாயம் இருக்கிறது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்மேட்டில் அமைந்த ஊர்கள். ஒருபக்கம் உப்பு, மறுபக்கம் சவர். ஆனால் மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணி ஊறுகிறது.

அது மாரிமழை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலிருக்கும் உப்புநீரோடு எளிதில் கலந்துவிடாமல் அதன் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம். இந்தச் சிறு வித்தியாசம் போதும்: கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இறங்கி நிற்கலாம். ஒல்லாந்தில் பாடன் கைபனும், 1901இல் ஜேர்மனியில் ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. மணலின் ஆழமும் இடையில் இரண்டும் கலக்கும் பகுதியும் இந்த அளவைக் குறைத்துவிடும் என்பது வேறு விடயம்.

இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். பம்பு போட்டு இறைத்து நீர்மட்டம் அரை அடி தாழ்ந்தபடியே இருந்தால், கீழிருந்து உப்பு 20 அடி மேலே வரப் பார்க்கும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி கிணறுகளை உப்பாக்கியபோது இதுதான் சிக்கலானது. சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்தால், அலை விட்டுப்போன உப்போடு அடியிலிருக்கும் உப்பும் ஏறும். அளவோடு இறைத்துவிட்டு மழைக்குப் பொறுத்திருப்பதே வழி. கிணறு இழந்தவரிடம் பொறுமை பேசுவது எளிதல்ல, ஆனாலும் மணலைக் கழுவக்கூடியது மழைதான்.

உப்பைவிடத் தந்திரமான எதிரி ஒன்றும் உண்டு. வீடுகள் நெருங்க நெருங்க, மலகூடக் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. மணல் கலங்கலை வடிக்கும், நைத்திரேற்றைத் தடுக்காது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தெளிந்த தண்ணி என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது.

ஆகவேதான் குழாய். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைத் தாண்டி நகருக்கு வருகிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் படிகாரம் சேற்றைத் திரட்டிப் படியவைக்கும், மணற்படுக்கை வடிக்கும், குளோரின் கிருமியைக் கொல்லும். “மருந்து மணக்குது” என்று முகம் சுளிக்கிறோமே, அந்த மணம் வீட்டுவரை வந்தால்தான் வழியில் கிருமி புகுந்தாலும் காவல் இருக்கும். லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது குழாய்முனையில் எஞ்சவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. திறந்த பாத்திரத்தில் வைத்தால் மணம் மெல்லப் போய்விடும்.

என்னைக் கேட்டால், நகரம் குழாயைப் பற்றிப் பெருமை பேசலாம். ஆனால் கோடையில் தண்ணி பௌசரை எதிர்பார்த்திருக்கும் ஊர்கள் படுவான்கரையில் இருக்கும்வரை, கொஞ்சம் சத்தம் குறைத்தே பேசவேண்டும்.