கைராசிக்கு அப்பால்

பெங்களூர் நீலசந்திராவில் தமிழ் பேசிப் பிழைக்கும் தையற்காரரும் மெக்கானிக்கும் பெரும்பாலும் ஒற்றை மனிதரின் கைராசியை நம்பியே தொழில் நடத்துகிறவர்கள். அந்த மனிதர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கடையின் ஷட்டரும் ஒரு வாரம் இறங்கியே கிடக்கும். பேர் எடுப்பது வேறு, அந்தப் பேருக்குப் பழுதில்லாத வேலை தாம் இல்லாத நாளிலும் நடக்கும்படி ஏற்பாடு செய்வது வேறு என்பதை உணர்த்த, மதுரைக் கண் மருத்துவ நிபுணர் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமியின் சரித்திரத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை.

1918-இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்த அவர், முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே லட்சம் கண்களுக்கு மேல் சத்திர சிகிச்சை செய்தவர்; மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக விளங்கி, 1973-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றவர். 1976-இல், 58-ஆம் வயதில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது, அந்தக் கீர்த்தியை மட்டும் மூலதனமாகக் கொண்டு சௌகரியமாகக் காலங்கழித்திருக்கலாம். அவரோ ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் தொடங்கி, அதற்குத் தம் பெயரை வைக்காமல், தாம் பக்தி பூண்டிருந்த ஸ்ரீ அரவிந்தரின் திருநாமத்தைச் சூட்டினார்.

பெயரைவிட முக்கியமானது, வேலையைப் பகுத்த விதம். டாக்டரே செய்தாக வேண்டிய காரியம் எது, பழகிய பிறர் செய்யக்கூடியது எது என்று பிரித்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்துப் பரிசோதனையையும் முன்னேற்பாடுகளையும் அவர்களிடம் ஒப்படைத்தார். ஒரு மேஜையில் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி ஆயத்தமாகிவிடுவார். வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணம் ஏழைகளின் இலவச சிகிச்சைக்கும் ஆதாரமாயிற்று. கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுப்படியாகாதபோது, 1992-இல் ஆரோலாப் என்ற சொந்தத் தொழிற்கூடமே பிறந்தது.

தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டதால், இதையும் குடும்பச் சொத்து என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அவர்கள் வெறும் உறவினர் அல்லர். கண் மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றவர்கள். வித்தையில்லாத வாரிசுக்குப் பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும்.

ஸ்தாபகர் 2006-இல் காலமானார். ஸ்தாபனம் நிற்கவில்லை, 2017-இல் சென்னையிலும் பெரிய ஆஸ்பத்திரியைத் திறந்தது. தம் கையில் அபார வித்தை உடையவர்கள் எந்தப் பேட்டையில் இருந்தாலும், வாடிக்கைக்காரர் தம்மையே கேட்டு வருவதில் உள்ள பெருமையைச் சற்றே விட்டுக்கொடுத்து, தொழிலின் நுட்பங்களை எழுதி வைத்து, உடம்பில் தெம்பிருக்கும்போதே இருவரைத் தயார் செய்ய வேண்டும். கை தளர்ந்த பிறகு சீடனைத் தேடுவது காலங்கடந்த காரியம்.