காணி இழந்த வீட்டிலிருந்து குருமடத்திற்கு

"மூத்தவன் குருமடத்துக்குப் போனால் மண்வெட்டி பிடிக்க ஆர் இருக்கினம், சுவாமி?" இடம்பெயர்ந்த குடும்பங்களோடு இறையழைத்தல் பற்றிக் கதைக்கும்போது இக்கேள்வி எழாமல் இருப்பதில்லை. இதை விசுவாசக் குறைவு என்று சொல்ல எமக்கு மனமில்லை. சொந்தக் காணியை விட்டுவந்து, குத்தகைக் காணியிலும் கூலி வேலையிலும் சீவிக்கும் குடும்பத்திற்கு வளர்ந்த மகனின் உழைப்பு பெரும் பலம்.

குருவாகத் திருநிலைப்படுத்தப்பட 25 வயது நிறைய வேண்டும். மெய்யியலும் இறையியலும் மட்டும் ஆறு முழு ஆண்டுகள் படிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதி 16 வயதில் போகும் பிள்ளை, குருவாகக் குறைந்தது ஒன்பது ஆண்டுகள் செல்லும். அத்தனை காலமும் அந்த வீட்டில் இரண்டு கைகள் குறையும்.

இச்சுமையைப் பெற்றோர் மாத்திரம் தூக்க வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. இறையழைத்தலைப் பேணி வளர்ப்பது முழுக் கிறிஸ்தவ சமூகத்தின் கடமை என்கிறது 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 233ஆம் பிரிவு. 1889இல், குருமாணவரைப் பயிற்றப் பணமில்லை என்று யப்பானின் நாகசாகி ஆயர் எழுதிய கடிதம் பிரான்ஸ் நாட்டில் ஒரு தாயையும் மகளையும் அசைத்தது. ஸ்தெபானி பிகார், ஜான் பிகார் என்ற அவ்விருவரும் தொடங்கிய முயற்சியே புனித பேதுரு திருத்தூதர் சபை. 1922இல் அது பாப்பிறைச் சபையாக உயர்த்தப்பட்டது.

நமது பங்குகளில் நல்லாயன் ஞாயிறன்று இறையழைத்தலுக்காகச் செபிக்கிறோம், காணிக்கையும் எடுக்கிறோம். நல்லது. ஆனால் மகனை அனுப்பிய வீட்டின் வயலுக்கு விதைப்பிலும் அரிவு வெட்டிலும் அயலவர் ஒவ்வொரு நாள் இறங்கினால், அது உண்டியல் காசிலும் மேலான உதவி என்பது எமது எண்ணம்.

இன்னொரு தடை பத்திரங்கள். ஓட்டத்தில் ஞானஸ்நானப் பத்திரம் தொலைந்ததாலோ, ஆலயப் பதிவேடே அழிந்ததாலோ மனம் தளர வேண்டாம். யாருக்கும் அதனால் பாதகம் இல்லையெனில், நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலமே ஞானஸ்நானத்தை நிரூபிக்கப் போதும் என்கிறது 876ஆம் பிரிவு. ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ, அன்று ஆலயத்தில் நின்ற உறவினரோ இருந்தால், இப்போதுள்ள இடத்தின் பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்லுங்கள். முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்வது புத்தி.

எல்லாவற்றிலும் கடினமான விடயம் வேறு. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், "அங்கே போனால் சாப்பாடும் படிப்பும் பாதுகாப்பும் கிடைக்கும்" என்று பெற்றோர் எண்ணியிருந்தால் யார் குறை சொல்வது? ஆயினும் பசியும் பயமும் அழைத்தல் ஆகா. எவ்வகையிலும் எவரையும் குருத்துவத்திற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்று 1026ஆம் பிரிவு திட்டமாகச் சொல்கிறது. தாயின் நேர்த்திக்கடனும் சில வேளை பிள்ளைக்குக் கட்டாயமாகிவிடும். ஆகவே அனுப்புமுன் மகனைத் தனியே இருத்திக் கேளுங்கள். அவன் தயங்கினால் ஒரு வருடம் பொறுங்கள்.

போனவன் திரும்பி வரவும் கூடும். தன் அழைத்தலை அவனும், அவனைத் திருச்சபையும் ஆராய்ந்து பார்க்கவே அத்தனை ஆண்டுகள். எங்கள் ஊர்களிலோ அவன் பயணப்பையோடு பஸ்ஸால் இறங்கும்போதே கதை கிளம்பிவிடுகிறது: "என்ன பிழை விட்டானாம்?" இந்தப் பேச்சுக்குப் பயந்து, மனமில்லாமலே உள்ளே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. திரும்பி வந்தவனை விசாரிக்காதீர்கள். அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூப்பிடுங்கள். அவன் படித்துக்கொண்டு வந்தது அங்கே தேவைப்படும்.